எரிந்த அவைக்களம்

எமது கல்லூரி நூலகத்திலே, அட்டை கழன்று, ஓரம் பழுப்பேறி, எவரும் விரும்பி எடுக்காத நிலையில் உலக சரித்திர நூலொன்று நெடுங்காலமாகக் கிடக்கின்றது. சென்ற மாதம் நூல்களைத் தூசு தட்டி அடுக்கும் பணியில் மாணவர் சிலர் எனக்குத் துணைநின்றனர். அவருள் ஒருவன் அந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தவன், ஒரு பக்கத்தை விரித்தபடியே என்னிடம் கொண்டுவந்து, "ஐயா, இஃது ஏதேனும் கோயிலோ? எவ்வாறு எரிந்தது?" என்று வினவினான்.

அவன் காட்டியது ஒரு பழைய புகைப்படம். பெரியதொரு மண்டபத்தின் உட்புறம் அதிலே தெரிகின்றது. சுவர்களை அழகுசெய்த மரவேலைப்பாடெல்லாம் கரியாகி உரிந்துபோயின. கல்லும் இரும்புமே எஞ்சி நிற்கின்றன. இருக்கைகள் வரிசை வரிசையாய் அமைந்திருந்த இடத்திலே சாம்பலும் இடிபாடும் குவிந்து கிடக்கின்றன. படத்தின் கீழே, பேர்லின் நகரத்து றைக்ஸ்ராக் மண்டபம், 1933 பெப்ரவரி, என்ற குறிப்பு மாத்திரம் உண்டு.

"கோயிலன்று, தம்பி; ஜேர்மனி நாட்டுப் பாராளுமன்றம் கூடிய அவைக்களம்" என்றேன். அவன் சற்று நேரம் படத்தையே நோக்கியிருந்துவிட்டு, "அப்படியானால், இந்தத் தீயோடுதானா ஐயா அந்தப் பாராளுமன்றம் அழிந்தது?" என்றான். 'ஆம்' என்று சொல்லி மறுபடியும் நூல்களை அடுக்கத் தொடங்கியிருக்கலாம். ஆயினும், அவ்வினா எளிதாக விடுத்து அப்பாற் செல்லத்தக்க வினாவன்று. எரிந்த மண்டபமொன்றின் படத்தைக் காணும்போது நம் நெஞ்சம் ஏன் துணுக்குறுகின்றது என்பதை இந்நாட்டு வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அன்று அவனுக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் அம்மண்டபத்தின் வரலாற்றை நோக்குவோம். றைக்ஸ்ராக் கட்டடத்துக்கு 1884ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்றது. பவுல் வாலொட் என்னும் சிற்பநூல் வல்லார் வகுத்த திட்டப்படி அது வளர்ந்து, 1894ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நிறைவெய்தியது. இரும்பும் கண்ணாடியுங் கொண்டு சமைத்த பெருங்குவிமாடம் ஒன்று அதன் நடுவே உயர்ந்து நின்றது. பேசுவோர் குரல் எதிரொலியாற் சிதையாது தெளிவாகக் கேட்டல் வேண்டும் என்னும் கருத்தினால், அவைக்களத்தின் சுவர்களுக்கு மரப்பலகை வேய்ந்தனர். பேச்சுக்காகப் பதித்த அம்மரமே பின்னாளில் தீக்கு இரையாயிற்று.

அக்கட்டடத்தின்மீது பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு விருப்பம் இருந்ததில்லை. அதனைக் குரங்குக் கூடம் என்று அவர் இகழ்ந்தார் என்பர். 'ஜேர்மன் மக்களுக்கு' என்னும் பொருளுடைய வாசகத்தை முகப்பிற் பொறிக்க வேண்டும் என்பது வாலொட்டின் விருப்பம். அதற்குரிய இடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெறுமையாகவே கிடந்தது. முதலாம் உலகப் போரிலே மக்கள் மாண்டு கொண்டிருந்த 1916ஆம் ஆண்டிலேதான் அவ்வெழுத்துகள் முகப்பில் ஏறின. நெப்போலியன் காலத்துப் போரிற் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி அவற்றை வார்த்தனர். வார்த்துக் கொடுத்தது பேர்லினில் வாழ்ந்த யூதக் குடும்பம் ஒன்றின் வார்ப்பகம். அக்குடும்பத்தினருட் சிலர் பிற்காலத்தில் நாசி ஆட்சியாற் கொல்லப்பட்டனர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

1918ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் அக்கட்டடத்தின் உணவுச்சாலையில் உணவருந்திக் கொண்டிருந்த பிலிப் ஷைடெமான் என்பார், திரண்டுநின்ற மக்களுக்கு ஏதேனும் சொல்லும்படி தோழர் வேண்ட, எழுந்து சென்று சாளரத்தில் நின்று, முடியாட்சி ஒழிந்தது, குடியரசு மலர்ந்தது என்று அறிவித்தார். அரசன் இகழ்ந்த கட்டடம் அன்று அரசனில்லாத நாட்டின் அவையாயிற்று.

அவ்வவைக்கு வாய்த்த ஆயுளோ மிகச் சிறிது. தீ மூள்வதற்கு முன்னரே அது நலிந்துவிட்டது. இதனை விளக்கச் சில எண்களே போதும். 1930ஆம் ஆண்டில் றைக்ஸ்ராக் 94 நாள் கூடி 98 சட்டங்களை இயற்றியது. அவ்வாண்டு ஜனாதிபதி பிறப்பித்த அவசரகால ஆணைகள் 5. 1932ஆம் ஆண்டிலோ அவை கூடியது 13 நாள். இயற்றிய சட்டங்கள் 5. பிறப்பிக்கப்பட்ட ஆணைகள் 66. இரண்டே ஆண்டுகளில் துலாக்கோலின் தட்டுகள் இடம் மாறிவிட்டன. நாட்டிலே அறுபது இலட்சம் பேர் வேலையின்றி அலைந்த காலம் அது. கட்சிகள் தம்முள் இணங்கிப் பெரும்பான்மை அமைக்க மாட்டாவாயின. இணங்க மாட்டாதார் பேச்சைக் கேட்டுக் கொண்டிருப்பதினும் ஒருவர் கையெழுத்திட்டு ஆளுவது எளிது என்ற எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றியது.

அவையினுள்ளே இருந்தோரிலும் பலர் அவையை மதித்தவரல்லர். 1932ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள் மூத்த உறுப்பினர் என்ற உரிமையால் அவையைத் தொடக்கி வைத்தவர், 75 வயதினரான கிளாரா ஸெற்கின் என்னும் கம்யூனிஸ்ட் மூதாட்டியார். உடல் நலிந்திருந்த அவ்வம்மையார் 230 நாசி உறுப்பினர் எதிரேயிருக்க அஞ்சாது பேசினார். ஆயினும் அவர் விரும்பியது அவ்வவையின் நிலைபேற்றை அன்று. சோவியத் முறையிலான வேறோர் அவையை. அன்றே சபாநாயகராகத் தெரிவான கோரிங் என்பவரோ அவையை அழிக்க வந்த நாசிக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர். அடுத்த மாதம் 12ஆம் நாள், அவையைக் கலைக்கும் ஆணையைக் கையில் ஏந்திய சான்சலர் பாப்பன் பேச இடங்கேட்டு எழுந்து நிற்க, கோரிங் அவரைக் காணாதவர்போல் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு வாக்கெடுப்பை நடத்தினார். அரசின்மீது நம்பிக்கையில்லை என்றோர் 512 பேர். அரசை ஆதரித்தோர் 42 பேர். அக்காட்சியின் புகைப்படமும் இன்று காணக் கிடைக்கின்றது. அவையின் தலைவரே அவை மரபை விளையாட்டாக்கிய அப்படத்தை, எரிந்த மண்டபத்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

1932 டிசம்பர் 9ஆம் நாளுக்குப் பின்னர் அம்மண்டபத்தில் அவை கூடவேயில்லை. 1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் சான்சலராயினார். இரு நாட்கள் கழித்து அவை கலைக்கப்பட்டது. ஆகவே தீ மூண்ட வேளையில் அக்களம் பேச்சொலி அடங்கி ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகிவிட்டன.

1933 பெப்ரவரி 27ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் றைக்ஸ்ராக் தீப்பற்றி எரிவது காணப்பட்டது. மரப்பலகையும் திரைச்சீலைகளும் நிறைந்த அவைக்களம் சிறிது நேரத்துக்குள் அனற்குகையாயிற்று. கட்டடத்தினுள்ளே மரினுஸ் வன் டெர் லுப்பே என்னும் 24 வயது ஒல்லாந்து இளைஞன் பிடிபட்டான். தானே தனியாக நின்று தீ வைத்ததாக அவன் கூறினான். அவன் ஒருவன் செயலே என்பாரும், நாசிக் கட்சியினர் கையும் அதில் உண்டு என்பாருமாக வரலாற்றாசிரியர் இன்றுவரை மாறுபடுகின்றனர். வழக்கு விசாரணையின் ஒரு பகுதி, எரிந்த அதே கட்டடத்தின் எரியாத அறையொன்றிலே நடைபெற்றது. குற்றஞ் சாட்டப்பட்டு நின்ற பல்கேரியராகிய டிமித்ரோவ் என்பார், சாட்சியாக வந்த கோரிங்கைக் குறுக்கு வினாக்களாற் கொதிப்படையச் செய்தார். டிமித்ரோவும் வேறு மூவரும் விடுதலையாயினர். லுப்பேக்கு மரண தண்டனை. தீ வைத்தல் நிகழ்ந்த நாளில் அக்குற்றத்துக்கு மரண தண்டனை இருந்ததில்லை. பின்னர் ஒரு சட்டஞ் செய்து, அதனை முன்னைய நாளுக்கும் செல்லுபடியாக்கி, 1934 ஜனவரி 10ஆம் நாள் அவனைக் கொன்றனர். அத்தீர்ப்பு 2007ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் செல்லாது என அறிவிக்கப்பட்டது.

தீயினும் விரைந்து பரவியது ஒன்று உண்டு. அது மறுநாள், அதாவது பெப்ரவரி 28ஆம் நாள், ஜனாதிபதி ஹின்டன்பேர்க் கையெழுத்திட்ட ஆணை. அரசியலமைப்பின் ஏழு உறுப்புரைகளை அஃது ஒரே வீச்சில் இடைநிறுத்தியது. ஆளைக் காரணமின்றிச் சிறைப்படுத்தாமை, வீட்டினுட் புகாமை, கடிதத்தைப் பிரித்துப் பாராமை, கருத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, சொத்துரிமை என்பன அவ்வேழும். தற்காலிகமானது என்று சொல்லப்பட்ட அவ்வாணை 1945 வரை நீங்கவேயில்லை. புகைப்படக் கருவி எரிந்த தூண்களைப் படம் பிடித்தது. எரிந்த ஏழு உரிமைகளை எந்தக் கருவியும் படம் பிடிக்கவில்லை.

இத்துணை நடந்த பின்னும் அவையை முற்றாக ஒழிக்க ஹிட்லருக்கு அவையின் சம்மதமே வேண்டியிருந்தது. இதுவே இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம். மார்ச் 5ஆம் நாள் நடந்த தேர்தலில், அடக்குமுறை அத்தனைக்கும் நடுவே, நாசிக் கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 43.9. மொத்தம் 647 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 288. கூட்டாளிகளான தேசியவாதிகளின் 52 இடங்களையும் சேர்த்தால் 340. அரசே தனித்துச் சட்டம் இயற்றலாம், அது அரசியலமைப்புக்கு மாறுபட்டதாயினும் ஆகுக, எனக் கூறும் அதிகாரமளிப்புச் சட்டத்தை நிறைவேற்ற மூன்றில் இரு பங்கினர் அவைக்கு வந்திருத்தலும், வந்தோரில் மூன்றில் இரு பங்கினர் இசைதலும் வேண்டும்.

மார்ச் 23ஆம் நாள் அவை கூடியது. எரிந்த மண்டபத்திலன்று, அதற்கு எதிர்ப்புறத்தே சதுக்கத்தின் மறுகரையில் நின்ற குரோல் இசைநாடக அரங்கிலே. பாடலும் ஆடலும் நிகழ்ந்த மேடையிற் சபாநாயகரின் பீடம். அதன் பின்னே சுவரை மறைக்கும் சுவஸ்திகக் கொடி. வாயிலிலும் நடைவழிகளிலும் சீருடை தரித்த அடியாட்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் 81 உறுப்பினருள் ஒருவரேனும் அனுமதிக்கப்பட்டிலர். சமூக ஜனநாயகக் கட்சியின் 120 பேரிற் சிலர் சிறையில், சிலர் மறைவில். யூலியஸ் லேபர் என்பவர் அவைக்கு வந்த வழியிலேயே பிடிக்கப்பட்டார். வராதோர் தொகை மிகுந்தால் வாக்கெடுப்பு முடங்குமே என்று அஞ்சி, அவை நடைமுறை விதியொன்றையும் அன்றே மாற்றினர். தகுந்த காரணமின்றி வராதவரும் வந்தவராகவே கணிக்கப்படுவர் என்பது புதிய விதி. இல்லாதவரை இருப்பவராக்கிய அந்தக் கணக்கைக் கற்பிக்க எந்தக் கணித ஆசிரியராலும் இயலாது.

வாக்களித்தவர் 538 பேர். அவரில் மூன்றில் இரு பங்கு 359. ஆட்சியாளர் கையில் இருந்தவை, அனைவரும் வந்திருந்தாலும், 340. குறைவை நிரப்பியவர் யார்? கத்தோலிக்கரின் மத்திய கட்சி அப்பொழுது இருதலைக்கொள்ளி எறும்பாயிருந்தது. அதன் தலைவர் லூட்விக் காஸ் என்னும் குருவானவர், உரிமைகளைக் காப்பதாக ஹிட்லர் எழுத்திலே வாக்குறுதி தருவார் என்று நம்பினார். கடிதம் வரும், வரும் என்று சொல்லப்பட்டது. வாக்கெடுப்பு முடிந்தது, கடிதம் வரவில்லை, என்றுமே வரவில்லை. சிறு தாராண்மைக் கட்சி ஒன்றின் ஐவரும் இசைந்தே வாக்களித்தனர். அவருள் ஒருவர் தியோடோர் ஹொய்ஸ். தம் கட்சிக்குள் மறுத்துரைத்தும், முடிவிலே கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார். பதினாறு ஆண்டுகளின் பின், மேற்கு ஜேர்மனிக் குடியரசின் முதலாவது ஜனாதிபதியாகத் தெரிவானவர் அவரே.

அன்று எதிர்த்துப் பேசிய கட்சித் தலைவர் ஒருவரே. அவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஒட்டோ வெல்ஸ். வெளியே முழக்கமிடும் கூட்டம். உள்ளே சுற்றிநிற்கும் அடியாட்கள். அந்நிலையில் அவர் நிதானமாகவே பேசினார். எம் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறித்தல் இயலாது என்பது அவர் உரையின் சாரம். அழியாத கருத்துகளை அழிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் எவருக்கும் அளித்துவிடாது என்றும் அவர் சொன்னார். சினந்தெழுந்த ஹிட்லர், உங்கள் வாக்கு எனக்கு வேண்டியதேயில்லை என்ற கருத்துப்படச் சீறினார்.

திருவள்ளுவர் அவையறிதல் என ஓர் அதிகாரமும் அவையஞ்சாமை என மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்திருக்கின்றார். களத்திலே சாகத் துணிவோர் எளிதிற் கிடைப்பர், அவையிலே அஞ்சாது நிற்போர் அரியர் என்பது அவர் துணிபு. அவ்வதிகாரத்தை வகுப்பிற் பாடஞ் சொல்லும்போதெல்லாம் கற்றார் நிறைந்த புலவர் அவையையே உதாரணமாக எடுத்துக் காட்டி வந்தேன். துப்பாக்கி நிறைந்த அவையையும் இனிக் காட்டுவேன்.

வாக்குகள் எண்ணப்பட்டன. இசைந்தோர் 444, மறுத்தோர் 94. மறுத்த 94 பேரும் வெல்ஸின் கட்சியினர். வந்திருந்த அக்கட்சியினருள் ஒருவரேனும் பிறழவில்லை. ஆட்சியாளரின் 340ஐக் கழித்துப் பார்த்தால், அவர் கட்சியைச் சாராத குறைந்தது 104 பேர் தம் கையாலேயே தம் அவையின் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தனர் என்பது புலனாகும். அவர் எல்லாரும் தீயோர் என்று நான் சொல்லேன். அஞ்சினோர் சிலர், உள்நாட்டுப் போர் வந்துவிடும் என்று மயங்கினோர் சிலர், சிறிது விட்டுக்கொடுத்தால் எஞ்சியதைக் காத்துக் கொள்ளலாம் என்று கணக்கிட்டோர் சிலர். அக்கணக்கு எவ்வாறு முடிந்தது? யூன் 22ஆம் நாள் சமூக ஜனநாயகக் கட்சி தடைசெய்யப்பட்டது. யூலை 5ஆம் நாள் மத்திய கட்சி தானே கலைந்தது. யூலை 14ஆம் நாள் நாசிக் கட்சியல்லாத வேறு கட்சி நாட்டில் இருத்தல் ஆகாது என்று சட்டம் வந்தது. மறுத்தவர் கட்சிக்கும் இசைந்தவர் கட்சிக்கும் இடையே இருந்த தூரம் பதின்மூன்று நாட்கள்!

அதன் பின்னரும் றைக்ஸ்ராக் என்னும் பெயருடன் ஓர் அவை குரோல் அரங்கிற் கூடிக்கொண்டுதான் இருந்தது. தலைவர் பேசுவார், உறுப்பினர் கைதட்டுவர், பின்னர் எழுந்து நின்று தேசிய கீதம் பாடிக் கலைவர். நாட்டிலேயே அதிகச் செலவு பிடிக்கும் பாடகர் குழு என்று மக்கள் அதனை மறைவாக எள்ளி நகைத்தனர். அவ்வவையே 1935 செப்டெம்பரில் நூரம்பேர்க் நகரத்துக்கு அழைக்கப்பட்டு, யூதரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டங்களை மறுப்பின்றி நிறைவேற்றியது. 1942 ஏப்பிரல் 26ஆம் நாள் கடைசி முறையாகக் கூடியது. குரோல் அரங்கு குண்டுவீச்சிற் சிதைந்து, 1951ஆம் ஆண்டில் தகர்க்கப்பட்டது. இன்று அவ்விடத்தே அது நின்றதற்கு அடையாளமாகச் சுவரொன்றும் இல்லை. எரிந்த கட்டடம் நிலைத்து நிற்கின்றது. எரியாத கட்டடமே அடையாளமின்றிப் போயிற்று.

வெல்ஸ் நாடுகடந்து வாழ்ந்து, 1939 செப்டெம்பரிற் பாரிஸ் நகரிற் காலமானார். வாயிலிற் பிடிபட்ட லேபர் 1945 ஜனவரி 5ஆம் நாள் கொல்லப்பட்டார். அவரைப்போல் நாசி ஆட்சியாற் கொல்லப்பட்ட றைக்ஸ்ராக் உறுப்பினர் 96 பேரின் நினைவுக்காக, 1992ஆம் ஆண்டு அக்கட்டடத்தின் முன்றிலிலே 96 தகடுகளை நிமிர்த்தி வைத்திருக்கின்றனர். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பெயர், பிறந்த நாள், இறந்த நாள், இறந்த இடம்.

போர் முடிந்தபின் மேற்கு ஜேர்மனிக்குப் புதிய அரசியலமைப்பை வகுக்க 65 பேர் கொண்ட மன்றம் பொன் நகரத்திற் கூடியது. அவர் கூடியிருந்து எழுதிய கட்டடம், ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென எழுந்த கலாசாலை என்பது ஆசிரியர் குலத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி. 1949 மே 23ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அவ்வரசியலமைப்பின் 79ஆம் உறுப்புரை, மனிதரின் மாண்பு, குடியாட்சி முதலான அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் மாற்றவியலாது என்று விதிக்கின்றது. மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலும் ஆகாது. அனைவரும் இசைந்தாலும் ஆகாது. தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் உரிமை அவைக்கு இல்லை என்னும் அவ்விதி, குரோல் அரங்கிற் கற்ற பாடம். அவ்வாண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் புதிய பாராளுமன்றத்தை மூத்த உறுப்பினராய் நின்று தொடக்கி வைத்தவர், எரிந்த மண்டபத்திலே நெடுங்காலம் சபாநாயகராய் வீற்றிருந்த பவுல் லோபே. அப்பொழுது அவருக்கு வயது 73.

றைக்ஸ்ராக் கட்டடமும் மீண்டது. நோர்மன் பொஸ்ரர் என்னும் ஆங்கிலேயர் அதனைப் புதுக்கியமைக்க, 1999 ஏப்பிரல் 19ஆம் நாள் பாராளுமன்றம் மீண்டும் அங்கே கூடியது. 1945இல் நகரைக் கைப்பற்றிய சோவியத் வீரர் உட்சுவர்களிற் கரியாலும் சுண்ணக்கட்டியாலும் எழுதிய பெயர்கள் சில அழியாமற் காக்கப்பட்டுள்ளன. மேலே புதியதொரு கண்ணாடிக் குவிமாடம். அதிலே பொதுமக்கள் நடந்து திரிந்து, கீழே தம் பிரதிநிதிகள் அமரும் மண்டபத்தை நோக்கலாம்.

இனி மாணவன் வினாவுக்கு வருவோம். "இந்தத் தீயோடுதானா அந்தப் பாராளுமன்றம் அழிந்தது?" இல்லை, தம்பி. தீ அழித்தது மரப்பலகையையும் கண்ணாடியையுமே. அவை என்பது மண்டபமன்று. ஒருவன் எழுந்து 'இதற்கு நான் இசையேன்' என்று சொல்லவும், மற்றவர் அதனைக் கேட்டிருக்கவும் கூடிய இடம் எதுவோ அதுவே அவை. அந்த 94 பேர் வீற்றிருந்தவரை ஓர் இசைநாடக அரங்கும் அவையாயிற்று. அவர் அகற்றப்பட்டபின் எஞ்சியது பாடகர் குழு.

இவ்வாறு சொல்லி நூலை அவன் கையிற் கொடுத்தேன். அவன் உடனே அதனை அடுக்கில் வைத்தானல்லன். மேசையில் இருந்த பென்சிலை எடுத்து, என் முகத்தை ஒருமுறை நோக்கினான். நூலில் எழுதலாகாது என்பது எம் நூலக விதி. நான் ஒன்றுஞ் சொல்லாமல் இருந்தேன். படத்தின் கீழிருந்த குறிப்பை அடுத்து, சிறிய எழுத்தில், '94' என்று எழுதி நூலை மூடினான்.